சிங்கப்பூரின் தெற்குத் தீவுகளைச் சுற்றிப் பார்க்கப் படகு எடுக்கலாமா? பெரியவர்களோடு போனவர்கள் சொல்லுங்கள்

ஈசூன் மீனா | ஞாயிறு இரவு 9.40

எல்லாருக்கும் வணக்கம். அடுத்த மாதம் அப்பாவுக்கு 70 முடிகிறது. ஹோட்டல் சாப்பாடு, கேக் எதுவும் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். "அந்தத் தீவை ஒரு தடவை கிட்டத்தில் பார்க்கணும்" என்று மட்டும் கேட்டார்.

அந்தத் தீவு என்றால் செயின்ட் ஜான்ஸ். எங்கள் தாத்தா 1936-ல் நாகப்பட்டினத்தில் ராஜுலா கப்பல் ஏறி வந்தவர். கரையில் இறங்க விடாமல் அந்தத் தீவில் கொண்டுபோய் வைத்திருந்தார்களாம். உடம்பெல்லாம் மருந்துத் தண்ணீர் ஊற்றிக் குளிக்கவைத்து, துணிமணியை மூட்டையாகக் கட்டி நீராவியில் போட்டார்கள். அவருடைய தோல் வாரும் அந்த மூட்டைக்குள் போய் வெந்து சுருங்கித் திரும்பி வந்ததாம். அப்பா இந்தக் கதையைச் சொல்லாத தீபாவளி கிடையாது. ஆனால் இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்த அவர் இதுவரை அங்கே போனதில்லை.

நாங்கள் 11 பேர். அம்மாவுக்கு இரண்டு முட்டியும் வலி, படி என்றாலே பயம். பிள்ளைகளுக்கு வயது 6, 9. சொகுசுப் படகு இரண்டு இடத்தில் விசாரித்தேன். நாலு மணி நேரத்துக்கு ஆயிரம் வெள்ளிக்கு (சிங்கப்பூர் டாலருக்கு) கீழே யாரும் பேசவில்லை. சாதாரணப் படகுச் சேவையே போதுமா? இல்லை, தனியாக எடுத்துக் கடலோரத்தைச் சுற்றி வருவதுதான் நல்லதா? போய் வந்தவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

கெப்பல் காற்று | ஞாயிறு இரவு 10.25

தனியாக எடுங்கள் மீனா. 70 வயது ஒரு தடவைதான் வரும். கூட்டத்தோடு வரிசையில் நின்று போனால் அப்பாவுக்கு நிதானமாகப் பார்க்க முடியாது.

இரட்டை உடல் கொண்ட கேட்டமரான் வகை கிடைத்தால் அதையே கேளுங்கள். அகலமாக இருக்கும், ஒரு பக்கமாகச் சாயாது, அம்மா நாற்காலியில் உட்கார்ந்தே வரலாம். பெயரே நம்முடைய கட்டுமரம்தானே, அதில் அப்பாவை உட்காரவைத்துக் கூட்டிப் போவது எனக்குப் பொருத்தமாகப் படுகிறது.

பணம் கட்டும் முன் நான் கேட்கும் கேள்விகள் சில உண்டு. ஓட்டுநர் சம்பளமும் எரிபொருளும் சொன்ன விலைக்குள் அடங்குமா? உரிமத்தில் எத்தனை பேர் என்று போட்டிருக்கிறது? 11 பேர் என்றால் பிள்ளைகளையும் சேர்த்துத்தான் எண்ணுவார்கள், மடியில் வைத்துக்கொள்கிறோம் என்ற கணக்கெல்லாம் கடலில் செல்லாது. பிள்ளைகள் அளவுக்கு மிதவைச் சட்டை இருக்கிறதா? பெரியவர்கள் சட்டையை 6 வயதுப் பிள்ளைக்குப் போட்டால் தண்ணீரில் விழுந்தவுடன் தலைவழியாகக் கழன்றுவிடும். நேரம் தாண்டினால் எவ்வளவு, சுத்தம் செய்ய எவ்வளவு என்பதையும் எழுத்தில் வாங்குங்கள்.

தோ பாயோ ரவி | திங்கள் காலை 7.10

எழுத்தில் வாங்குங்கள் என்பதற்குக் கீழே நானும் ஒரு கோடு போடுகிறேன்.

போன வருஷம் தங்கையின் கல்யாண நாளுக்கு ஒரு படகு எடுத்தோம். நிறுவனத்தின் பெயர் இங்கே வேண்டாம். காலை 9 மணிக்குப் புறப்பாடு. எட்டரைக்கு மேற்கே வானம் கறுத்து, பத்து நிமிடத்தில் இடியும் மழையும். ஓட்டுநர் நல்ல மனிதர், "இந்த இடியில் எடுக்க மாட்டேன்" என்று தெளிவாகச் சொல்லிவிட்டார். அவர் செய்ததுதான் சரி. ஆனால் அலுவலகத்தில் என்ன சொன்னார்கள் தெரியுமா? புறப்படும் நேரம் 9 மணி, கடிகாரம் அப்போதே ஓட ஆரம்பித்துவிட்டது என்றார்கள். இரண்டே கால் மணி நேரம் துறையிலேயே உட்கார்ந்திருந்தோம், அதற்கும் சேர்த்துக் காசு கொடுத்தோம். மிச்ச நேரத்தில் லாசரஸ் தீவு வரை போய்த் திரும்பியதுதான். என் அம்மா கட்டிக் கொண்டுவந்த புளியோதரையைத் துறையிலேயே பிரித்துச் சாப்பிட்டார்.

மழை வந்தால் வேறு நாள் தருவார்களா, பணத்தைத் தருவார்களா, அந்த முடிவை எடுப்பது யார்? இந்த மூன்றுக்கும் பதில் தாளில் இல்லை என்றால் கையெழுத்துப் போடாதீர்கள்.

கிளமெண்டி புதியவன் | திங்கள் காலை 8.02

இடையில் ஒரு சின்னக் கேள்வி. நான் வேலைக்கு வந்து ஆறு மாதம்தான் ஆகிறது. இங்கே ஓட்டுநர் இல்லாமல் சின்ன மோட்டார் படகை வாடகைக்கு எடுத்து நாமே ஓட்டலாமா? வேறு சில நாட்டுக் கடற்கரைகளில் அப்படித் தருகிறார்களே.

கெப்பல் காற்று | திங்கள் காலை 8.30

முடியாது தம்பி. உல்லாசப் படகு ஆனாலும் மோட்டார் இருந்தால் கடல்துறை, துறைமுக ஆணையத்தின் ஓட்டுநர் உரிமம் வேண்டும். எழுத்துத் தேர்வும் உண்டு, கடலில் ஓட்டிக் காட்டும் தேர்வும் உண்டு. நான் அந்த உரிமம் எடுத்தவன். எடுத்த பிறகுதான் ஏன் கேட்கிறார்கள் என்று புரிந்தது. கப்பல் போகும் பாதையைக் குறுக்கே கடப்பதை இங்கே விளையாட்டாக நினைக்கவே முடியாது. துடுப்புப் படகு என்றால் உரிமம் தேவையில்லை. வடகிழக்கே உபின் தீவுப் பக்கம் வழிகாட்டியோடு கயாக் போகலாம், கேத்தாம் தீவைச் சுற்றிச் சதுப்புநிலக் காட்டுக்குள் நுழைந்து வருவது அருமையாக இருக்கும்.

நாகூர் சாரங்கு | திங்கள் இரவு 11.15

வேலை முடிந்து இப்போதுதான் வாசித்தேன். நான் நாகூர்ப் பக்கத்துக்காரன். இங்கே துறைமுகப் படகில் 22 வருஷம். நங்கூரத்தில் நிற்கும் கப்பலுக்கு ஆள் ஏற்றி இறக்குவதுதான் பிழைப்பு. எல்லாரும் படகைப் பற்றியே பேசுகிறீர்கள், நீரைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. அம்மாவுக்கு முட்டிவலி என்று எழுதியிருக்கிறார் மீனா. அப்படியானால் முதலில் பார்க்க வேண்டியது நாள்காட்டி.

இங்கே ஒரு நாளைக்கு இரண்டு ஏற்றம், இரண்டு வற்றம். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாள்களில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் நடுவே ஏறக்குறைய 3 மீட்டர் வித்தியாசம் வரும். நீர் வற்றிக் கிடக்கும்போது மிதவைத் துறைக்கு இறங்கும் பாலம் செங்குத்தாகச் சரிந்துவிடும். படிக்கட்டுத் துறை என்றால் பாசி பிடித்த கீழ்ப்படிகள் வெளியே வந்துவிடும், அதில்தான் ஆள் வழுக்குவது. அஷ்டமி, நவமியை ஒட்டிப் போனால் நீர் அவ்வளவு ஏறாது, இறங்காது. நீவாடும், அதாவது நீரோட்டமும், மெதுவாக இருக்கும். நல்ல காரியத்துக்கு ஊரில் அஷ்டமி நவமியைத் தள்ளுவார்கள். முட்டிவலிக்காரரைப் படகில் ஏற்றுவதற்கு அதைவிட நல்ல நாள் கிடையாது.

படகு ஏறும்போது ஒன்றே ஒன்று. படகு அலையில் மேலே வந்து ஒரு நொடி நிற்கும், அப்போது காலை வைக்க வேண்டும். இறங்கிக்கொண்டு இருக்கும்போது வைத்தால் தரை நழுவுவது போல இருக்கும், முட்டி மடங்கிவிடும். கையைப் பிடித்து இழுக்காதீர்கள். முன்கையை முழங்கைக்குக் கீழே பிடித்து நில்லுங்கள், அவரே ஏறுவார்.

அணியத்தில், அதாவது படகின் முன்பக்கத்தில், உட்கார வேண்டாம், அங்கேதான் அடி அதிகம். நடுவுக்குச் சற்றுப் பின்னால், தாழ்ந்த இடத்தில் உட்காரவையுங்கள். வேகப் படகு ஒன்று கடந்து போய், அதை நாம் மறந்த பிறகுதான் அதன் அலை வந்து மோதும். அந்த நேரத்தில் யாரும் எழுந்து நின்று படம் எடுக்கக் கூடாது. வயிறு வெறுமையாகவும் இருக்கக் கூடாது, முட்டவும் கூடாது. இரண்டு இட்லி, கொஞ்சம் இஞ்சி போதும்.

ரவிக்கு வந்தது சுமத்ரா என்கிற திடீர்க் காற்றுமழை. ஏப்ரல் முதல் நவம்பர் வரை வரும். மேற்கே மலாக்கா நீரிணைப் பக்கம் இரவில் கூடி, விடியலுக்கு முன்னோ முற்பகலிலோ இங்கே வந்து அடிக்கும். காற்று மணிக்கு 40 முதல் 80 கிலோமீட்டர் வரை போகும். ஒன்று இரண்டு மணி நேரத்தில் ஓய்ந்துவிடும். அன்று காலை எழுந்ததும் மேற்கு வானத்தைப் பாருங்கள், கைத்தொலைபேசியில் மைஎன்வி செயலியின் மழை வரைபடத்தையும் பாருங்கள். சுவர் மாதிரி நீளக் கோடாக ஒன்று கிழக்கே நகர்ந்து வந்தால் காத்திருங்கள்.

வற்றநீர் | செவ்வாய் காலை 6.20

சாரங்கு அண்ணன் சொன்னதை முழுக்க ஒப்புக்கொள்கிறேன். ஆனால் எனக்கு அமாவாசைதான் திருவிழா. பத்து வருஷமாகத் தன்னார்வலர்களோடு சேர்ந்து வற்றநீர்க் கரைகளைக் கணக்கெடுக்கப் போகிறேன். நீர் நன்றாக வற்றினால்தான் பவளப்பார் வெளியே தெரியும். வருஷத்தின் நடுவில் அந்த வற்றம் விடியற்காலையில் வரும், வருஷக் கடைசியில் மாலையில் வரும்.

நம் ஊர்க் கடலில் என்ன இருக்கப்போகிறது என்று பலர் நினைக்கிறார்கள். இங்கே 250-க்கும் மேற்பட்ட கல்பவள வகைகள் இருக்கின்றன, உலகில் உள்ளதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. பக்கத்திலேயே எண்ணெய் ஆலை, கொள்கலன் முனையம், நங்கூரத்தில் நிற்கும் கப்பல் எல்லாவற்றையும் சகித்துக்கொண்டு அவை உயிரோடு இருக்கின்றன. 2024 ஜூனில் பாசிர் பாஞ்சாங்கில் கப்பல் மோதி எண்ணெய் கசிந்தபோது செயின்ட் ஜான்ஸ், லாசரஸ், குசு கரைகளையெல்லாம் மூடினார்கள். அந்த வாரம் எனக்குச் சரியாகத் தூக்கமே வரவில்லை.

அதனால் படகு எடுப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். பாரின் மேல் நங்கூரம் போட விடாதீர்கள். ஒரு நங்கூரம் இழுபட்டால் பல வருஷம் வளர்ந்தது ஒரு நொடியில் உடையும். ஓட்டுநரிடம் முன்கூட்டியே சொல்லுங்கள், நல்லவர்கள் கேட்பார்கள்.

மீனாவுக்கு: சிஸ்டர்ஸ் தீவுகள்தான் நாட்டின் முதல் கடல் பூங்கா, 2014-ல் வந்தது. பெரிய தீவை மூன்று வருஷம் மூடிச் சீரமைத்து 2024 அக்டோபரில் திறந்தார்கள். பிள்ளைகள் நடக்க மரப்பலகைப் பாதை இருக்கிறது, அலைநீர்க் குளம் இருக்கிறது. சின்னத் தீவுக்குள் போக முடியாது. இரண்டுக்கும் நடுவே உள்ள கால்வாயில் மட்டும் யாரையும் நீந்த விடாதீர்கள், நீவாடு பிய்த்துக்கொண்டு போகும்.

உட்லண்ட்ஸ் புவனா | செவ்வாய் பிற்பகல் 1.45

மீனா, உங்கள் முதல் பதிவை வாசித்ததிலிருந்து மனசு அதிலேயே நிற்கிறது. நான் பள்ளியில் வரலாறு சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவள். அப்பாவுக்கு வாசித்துக் காட்டுவதற்காகக் கொஞ்சம் எழுதுகிறேன்.

1819 ஜனவரி 28 அன்று ஆங்கிலேய அதிகாரி ராஃபிள்ஸ் வந்த கப்பல் முதலில் நங்கூரம் போட்டது செயின்ட் ஜான்ஸ் தீவுக்கு அருகில். மறுநாள்தான் ஆற்றங்கரைக்கு வந்தார். பாடப்புத்தகம் அந்த மறுநாளில் தொடங்கும். 1873-ல் இங்கே வாந்திபேதி பரவியது. அடுத்த வருஷமே, 1874-ல், அந்தத் தீவில் தனிமைப்படுத்தும் நிலையம் திறந்தார்கள். சீனாவிலிருந்தும் இந்தியாவிலிருந்தும் கப்பல் மேல்தளத்தில் உட்கார்ந்து வந்த ஏழை மக்கள்தான் பெரும்பாலும் அங்கே இறக்கப்பட்டார்கள். அறை எடுத்து வந்தவர்களுக்கு ஒரு நியாயம், மேல்தளத்தில் வந்தவர்களுக்கு ஒரு நியாயம் என்றுதான் இருந்தது. 1930-களில் அது உலகத்தின் மிகப் பெரிய தனிமைப்படுத்தும் நிலையங்களில் ஒன்று. உங்கள் தாத்தா வந்தது சரியாக அந்தக் காலம்.

அப்புறம் அரசியல் கைதிகளை வைத்தார்கள். பின்னாளில் அதிபரான தேவன் நாயரும் அங்கே அடைபட்டுக் கிடந்தவர்தான், அப்போது வழக்கறிஞராக இருந்த லீ குவான் இயூ அங்கே போய் அவரைப் பார்த்திருக்கிறார். அபின் பழக்கத்திலிருந்து மீட்கும் இல்லமும் அதே தீவில் நடந்தது. அதெல்லாம் முடிந்துதான் விடுமுறை முகாம், சுற்றுலா எல்லாம்.

சிங்கப்பூர்த் தமிழர் வரலாறு என்றால் நாம் லிட்டில் இந்தியாவைக் காட்டுகிறோம், மாரியம்மன் கோயிலைக் காட்டுகிறோம். முதல் இரவைப் பலர் கழித்தது அந்தத் தீவில். நம் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு அது தெரியும்? ஒட்டியிருக்கும் லாசரஸ் கடற்கரையில் படம் எடுக்கப் போகிறவர்களில் பலர் இறங்குவதே அந்தத் துறையில்தான், பெயர்ப் பலகையைக்கூட நின்று வாசிப்பதில்லை. எனக்கு அது உண்மையிலேயே வலிக்கிறது.

சொகுசுப் படகா, சாதாரணப் படகா என்பது எனக்குப் பெரிதில்லை. ஆனால் தூரத்தில் சுற்றிவிட்டுத் திரும்பாதீர்கள். அப்பா இறங்கி அந்த மண்ணில் நிற்கட்டும்.

செங்காங் செல்வம் | செவ்வாய் இரவு 10.50

நான் எழுதுவது பிறந்தநாள் விஷயத்தில் சேருமா தெரியவில்லை. சேராவிட்டால் மன்னியுங்கள்.

எங்கள் குடும்பம் முதன்முதலாகப் படகு எடுத்தது அம்மாவின் அஸ்தியைக் கரைக்க. அதற்கென்று ஒதுக்கிய இடம் செமாக்காவ் தீவுக்குத் தெற்கே, 2.8 கிலோமீட்டர் தள்ளி. காலை 7 முதல் மாலை 7 வரை அனுமதி. மூங்கில் தட்டு, பிளாஸ்டிக் எதையும் கடலில் போடக் கூடாது என்று முன்பே சொல்லிவிட்டார்கள். அம்மாவோடு பூவும் கொஞ்சம் பாலும் மட்டும்தான்.

போகும்போது யாரும் எதையும் பார்க்கவில்லை. திரும்பும்போதுதான் தம்பி மகன் "அது என்ன தீவு, இது என்ன தீவு" என்று கேட்க ஆரம்பித்தான். படகோட்டி மலாய்க்காரர், வயதானவர். ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே வந்தார். செமாக்காவ் என்றால் குப்பையை எரித்த சாம்பல் கொட்டும் இடம் என்றுதான் நான் நினைத்திருந்தேன். பச்சையாக, அமைதியாக இருக்கிறது. அப்புறம் ஹந்து தீவு, அதற்கு எதிரே புக்கோம் எண்ணெய் ஆலையின் புகைபோக்கிகள். எனக்கு அப்போது 46 வயது. அத்தனை வருஷம் இந்த ஊரில் இருந்தும் தெற்கே கடல் இப்படி இருக்கும் என்று அம்மா போன அன்றுதான் பார்த்தேன். அம்மா உயிரோடு இருக்கும்போது ஒரு தடவை கூட்டிப் போயிருக்கலாம்.

கூட்டிப் போங்கள் மீனா. எந்தப் படகு என்று ரொம்ப யோசிக்க வேண்டாம்.

தோ பாயோ ரவி | புதன் காலை 7.25

செல்வம் அண்ணே, இந்த இழையில் இது நன்றாகவே சேரும்.

மீனா, காசுக் கணக்கு ஒன்று. மரினா சவுத் படகுத்துறையிலிருந்து போகும் சாதாரணச் சேவை ஆளுக்குச் சுமார் 15 வெள்ளி. செயின்ட் ஜான்ஸ், அப்புறம் குசு, மறுபடியும் மரினா சவுத். துறை எம்ஆர்டி ரயில் நிலைய வாசலிலேயே இருக்கிறது. 11 பேருக்கும் சேர்த்தால் சொகுசுப் படகில் கால்வாசிகூட வராது. தீவில் சாப்பாட்டை நம்பிப் போகாதீர்கள், தண்ணீரும் சாப்பாடும் கையோடு கொண்டு போங்கள். கடைசிப் படகு எத்தனை மணிக்கு என்பதை இரண்டு தடவை கேட்டுக்கொள்ளுங்கள், வார நாளில் அது சீக்கிரமே போய்விடும்.

கெப்பல் காற்று | புதன் காலை 9.00

ரவி, விலை சரிதான். ஆனால் அந்தப் படகு நேராகப் போய் நேராக வரும். கடலோரம் பார்க்க முடியாது. சிஸ்டர்ஸ் பக்கம் திரும்பச் சொல்ல முடியாது, ஓர் இடத்தில் இயந்திரத்தை நிறுத்தச் சொல்ல முடியாது. அப்பா கேட்டது "கிட்டத்தில் பார்க்கணும்". அதற்கு விலை உண்டு.

நாகூர் சாரங்கு | புதன் இரவு 11.40

இரண்டு பேரும் நடுவில் ஒன்றை விட்டுவிட்டீர்கள். சொகுசுப் படகும் வேண்டாம், பொதுச் சேவையும் வேண்டாம். பயணிகள் உரிமம் உள்ள சாதாரணப் படகுகள் வாடகைக்கு வருகின்றன. கூரை இருக்கும், பெஞ்சு இருக்கும், மெத்தை இருக்காது. இயந்திரச் சத்தம் கொஞ்சம் அதிகம். ஆனால் ஓட்டுகிறவருக்குத் தினம் தினம் இதே தண்ணீர்தான் தொழில். மரினா சவுத்திலேயே கேளுங்கள்.

சாங்கியில் பம்போட் என்கிற சின்னப் படகு இன்னும் மலிவு. 12 பேர் சேர்ந்தால் எடுப்பார்கள், ஆளுக்கு 4 வெள்ளி. 12 பேர் காசையும் நீங்களே கொடுத்தால் உடனே புறப்படும், 48 வெள்ளி. ஆனால் அது உபினுக்கு. இந்தத் தீவுகள் ஊரின் மறுபக்கம்.

வற்றநீர் | வியாழன் காலை 6.05

உபினையும் ஒரு நாள் வைத்துக்கொள்ளுங்கள். அங்கே செக் ஜாவா கரையோரத்தைத் தூர்த்து நிலமாக்க இருந்தார்கள், 2001-ல் மக்கள் சொல்லித்தான் நின்றது. இன்று அங்கே 1 கிலோமீட்டருக்கு மேல் பலகைப் பாதை இருக்கிறது, சக்கர நாற்காலி போகும். அம்மாவுக்கு நான் அதைத்தான் சொல்வேன். உபினில் வெட்டிய கருங்கல்லில்தான் பெட்ரா பிராங்காவில் ஹார்ஸ்பர்க் கலங்கரை விளக்கம் கட்டினார்கள், 1851-ல். சத்துமு தீவில் ராஃபிள்ஸ் விளக்கம் 1855-ல், அதற்கும் அதே கல். கல் வெட்டியவர்களில் இந்தியாவிலிருந்து கொண்டுவரப்பட்ட கைதிகளும் உண்டு. புவனா டீச்சர் இதையும் எழுதுவார் என்று காத்திருந்தேன்.

உட்லண்ட்ஸ் புவனா | வியாழன் காலை 10.30

அடுத்து எழுத இருந்தேன், நீங்களே எழுதிவிட்டீர்கள். நன்றி தம்பி.

ஈசூன் மீனா | வியாழன் இரவு 8.15

எல்லாருக்கும் நன்றி. வீட்டில் எல்லாப் பதிவையும் சத்தமாக வாசித்தேன். செல்வம் அண்ணன் எழுதியதை வாசிக்கும்போது அம்மா எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டார்.

சாரங்கு அண்ணன் சொன்ன நடு வழிதான். நாள்காட்டியில் அஷ்டமிக்கு அடுத்த நாள் சனிக்கிழமையாக வருகிறது. மூன்று மணி நேரத்துக்கு 500 வெள்ளிக்குச் சற்று மேல். மழை என்றால் வேறு நாள் என்று எழுதி வாங்கிவிட்டேன், ரவி. போய் வந்து எழுதுகிறேன்.

ஈசூன் மீனா | ஐந்து வாரம் கழித்து, ஞாயிறு மாலை 5.50

நேற்றுப் போய் வந்தோம்.

காலையில் மேற்கு வானம் சுத்தமாக இருந்தது. ஒன்பதரைக்குத் துறையில் நின்றோம். அம்மா பாலத்தைப் பார்த்தார், படகைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பாலம் அதிகம் சரியவில்லை, அதுவே பாதி தைரியம். படகில் இருந்த பையன் கையை நீட்டினான். நான் சாரங்கு அண்ணன் சொன்னதைச் சொன்னேன், அவன் உடனே புரிந்துகொண்டு முன்கையைப் பிடித்தான். படகு மேலே வந்தது, இறங்கியது, மறுபடி வந்தது. மூன்றாவது தடவை அம்மா "இப்போ" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு காலை வைத்தார். அவ்வளவுதான். உட்கார்ந்த பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சிரித்தார்.

வலது பக்கம் பிரானி கொள்கலன் முனையத்தின் பாரந்தூக்கிகள், இடது பக்கம் நங்கூரத்தில் கப்பல்கள். சின்னவன் கப்பல்களை எண்ணிக்கொண்டே வந்தான், 40-ஐத் தாண்டியதும் விட்டுவிட்டான். சிஸ்டர்ஸ் பக்கம் போய்ச் சுற்றித் திரும்பினோம். பாரை ஒட்டி ஓட்டுநர் தானாகவே வேகத்தைக் குறைத்தார், வற்றநீர் சொல்லச் சொன்னதைச் சொல்ல வேண்டியே வரவில்லை. குசுவைக் கடலிலிருந்தே பார்த்தோம், கோயிலின் சிவப்பு, குன்றின் மேல் பச்சை.

செயின்ட் ஜான்ஸ் நெருங்கும்போது அப்பா எழுந்து நிற்கப் பார்த்தார், ஓட்டுநர் உட்காரச் சொன்னார். துறைக்கு இருநூறு மீட்டர் இருக்கும்போது இயந்திரத்தை நிறுத்தச் சொன்னேன். அப்பாவுக்குத் தெரியாது, இது நான் முன்பே பேசி வைத்தது. சத்தம் நின்றதும் படகின் அடியில் தண்ணீர் தட்டும் ஒலி மட்டும்தான். அப்பா கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம் பெரியவளைக் கூப்பிட்டு, "கப்பல் அந்தப் பக்கமிருந்து வரும்" என்று மேற்கே காட்டினார். "இங்கேதான் எங்கேயோ நின்றிருக்கும். சின்னப் படகில் ஏற்றி அந்தக் கரைக்குக் கொண்டு போயிருப்பார்கள். உன் கொள்ளுத்தாத்தாவுக்கு அப்போ 18 வயசு."

இறங்கி ஒரு மணி நேரம் இருந்தோம். அம்மா துறைக்குப் பக்கத்தில் நிழலில் உட்கார்ந்துவிட்டார், அங்கே இருந்த பூனைகளுக்கு இட்லி போட்டார். வேலி போட்ட பகுதிகளுக்குள் போக முடியாது. மற்ற இடத்தில் அப்பா நடந்தார், பெரிய மரங்களுக்குக் கீழே நின்று நின்று நடந்தார். பெயர்ப் பலகையை முழுசாக வாசித்தார், அப்புறம் பெரியவளை வாசிக்கச் சொன்னார். ஓர் இடத்தில் குனிந்து மண்ணைத் தொட்டுப் பார்த்துவிட்டுக் கையைத் தட்டிக்கொண்டார். எடுத்துக்கொள்ளவில்லை.

கேக் வேண்டாம் என்று சொல்லியிருந்தார் அல்லவா, அம்மா பால்கோவா செய்து கொண்டுவந்திருந்தார். திரும்பும்போது படகோட்டிக்கும் அந்தப் பையனுக்கும் முதலில் கொடுத்தார்.

செங்காங் செல்வம் | ஞாயிறு மாலை 6.30

வாசித்துவிட்டேன் மீனா. நல்லது. ரொம்ப நல்லது.

கெப்பல் காற்று | ஞாயிறு இரவு 7.10

சாரங்கு அண்ணன் சொன்ன படகுதான் சரியாக அமைந்திருக்கிறது, ஒப்புக்கொள்கிறேன். அப்பாவுக்கு என் வணக்கம்.

உட்லண்ட்ஸ் புவனா | ஞாயிறு இரவு 8.05

மீனா, அப்பா அந்தக் கதையைச் சொல்லும்போது கைத்தொலைபேசியில் பதிவு செய்து வையுங்கள். தேசிய ஆவணக் காப்பகத்தில் வாய்மொழி வரலாறு சேகரிக்கிறார்கள். கொடுப்பது அப்புறம் இருக்கட்டும், முதலில் பதிவு செய்யுங்கள். தோல் வார் நீராவியில் சுருங்கியது வரை அப்படியே அவர் வாயால் வர வேண்டும்.

ஈசூன் மீனா | ஞாயிறு இரவு 9.20

டீச்சர், இப்போதுதான் பதிவு செய்தேன், 25 நிமிடம் பேசினார். கூடவே எனக்கு ஒரு திருத்தமும் சொன்னார். சுருங்கியது வார் இல்லையாம், இடுப்பில் கட்டும் தோல் பணப்பை. இத்தனை வருஷம் நான்தான் தப்பாக நினைவில் வைத்திருந்தேன். உள்ளே ஏழு ரூபாய் இருந்தது, பை சுருங்கி வாய் இறுகிப்போனதால் கத்தியால் கிழித்துத்தான் வெளியே எடுத்தாராம். முதல் பதிவைத் திருத்தும் நேரம் முடிந்துவிட்டது, அதனால் இங்கே எழுதி வைக்கச் சொன்னார்.